சோகமில்லாத பிஎல் மாங்கா கேட்டவருக்கு

'தி ஹார்ட் ஆஃப் தாமஸ்' படித்து மனம் கனத்துவிட்டது, அழவைக்காத பிஎல் மாங்கா, அதாவது ஆண்களுக்கு இடையிலான காதலைச் சொல்லும் ஜப்பானியச் சித்திரக்கதை, வேண்டும் என்கிறீர்கள். மோட்டோ ஹாகியோ 1974இல் வரையத் தொடங்கிய கதை அது, ஆரம்பத்திலேயே ஒரு பையன் செத்துப்போவான். இன்னொரு மாங்கா ஓவியர் கெய்கோ தகெமியா பக்கம் போனாலும் கண்ணீர்தான். (எனக்கு அதுதான் பிடிக்கும், அது வேறு விஷயம்!)

நீங்கள் ஃபூமி யோஷினாகாவின் 'வாட் டிட் யூ ஈட் யெஸ்டர்டே?' எடுங்கள். 2007இல் தொடங்கியது. பிஎல் பெரும்பாலும் பெண் வாசகர்களுக்காக வருவது; இது வந்தது ஆண்களுக்கான 'மார்னிங்' இதழில், அதனால் கறாராகப் பார்த்தால் பிஎல் இல்லை. பரவாயில்லை. நாற்பதைத் தாண்டிய வக்கீல் ஷிரோ, சலூனில் வேலை பார்க்கும் அவரது காதலர் கென்ஜி, ஒரே வீடு. மலிவு விலை பார்த்துக் காய்கறி வாங்கிவந்து ஷிரோ சமைப்பார், செய்முறையோடு. முத்தம், கித்தம் எதிர்பார்க்காதீர்கள். மகனுக்கு ஆண்கள்மீதுதான் காதல் என்று தெரிந்தும் ஷிரோவின் பெற்றோர் தடுமாறும் இடங்களை மட்டும் அவசரப்படாமல் படியுங்கள்.