மார்சேய் டாரட்: கோடும் நிறமும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

விளையாடவும் குறி சொல்லவும் பயன்படும் படச் சீட்டுக்கட்டான டாரட்டில், மார்சேய் வடிவத்தின் பழைய கட்டுகள் இரண்டின் மறுபதிப்புகளை வாங்கினேன். ஒன்று லியோனில் ழான் டோடால் செய்தது, மற்றது நிக்கோலா கான்வேர் 1760. டோடாலில் நிலா நம்மை நேராகப் பார்க்கிறது. கான்வேரில் பக்கவாட்டு முகம். உடைகளின் நிறமும் ஒத்துப்போகவில்லை. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு பொருள் உண்டு என்கிறார்கள் குறி சொல்பவர்கள். எந்தக் கட்டின் நிறத்தை நம்புவது? இரண்டில் மூலம் எது?

ஆர்.

அன்புள்ள ஆர்,

நிறத்தைக் கொஞ்சம் ஒதுக்கிவையுங்கள். இந்தச் சீட்டுகள் உருவான விதம் தெரிந்தால் பாதிக் குழப்பம் போய்விடும். மரக்கட்டையில் கோடுகளைச் செதுக்கி, மை தடவி, தாளை மேலே வைத்துத் தேய்த்து எடுப்பார்கள். கருங்கோட்டுப் படம் மட்டும் கிடைக்கும். பிறகுதான் நிறம். எண்ணெய் ஊறிய கெட்டித் தாளில் ஓட்டை வெட்டிய ஸ்டென்சிலை வைத்து, தூரிகையால் நிறத்தைத் தடவுவார்கள். ஒரு நிறத்துக்கு ஒரு ஸ்டென்சில். பல தாள்களை ஒட்டிக் கெட்டியாக்கிய அட்டையை மெருகிட்டு, கடைசியில் சீட்டுகளாக வெட்டுவார்கள்.

மரக்கட்டை பல பத்தாண்டுகள் உழைக்கும். ஸ்டென்சில் கிழியும், புதிதாக வெட்டுவார்கள், கைக்குக் கிடைத்த சாயத்தை ஊற்றுவார்கள். ஆகவே கோடு மரக்கட்டையைச் செதுக்கியவருடையது, நிறம் அந்தந்த அச்சடிப்புக்கு உரியது. ஒரே மரக்கட்டையில் எடுத்த இரண்டு பிரதிகளில் ஒரே சட்டை வேறு வேறு நிறத்தில் வரலாம். அரசியின் கையைப் பழைய பிரதியின் ஸ்கேனில் பெரிதாக்கிப் பாருங்கள்: சிவப்பு, சட்டையின் ஓரத்தைத் தாண்டி விரல்மேல் வழிந்திருக்கலாம். ஸ்டென்சில் நகர்ந்த தடம் அது. நீலமும் மஞ்சளும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்த இடத்தில் பச்சைத் திட்டு தெரியும். அதற்குத் தத்துவப் பொருள் தேடுவது வீண் வேலை.

கான்வேரின் 1760 என்பது மரக்கட்டையில் செதுக்கிய ஆண்டு. பாரிஸ் தேசிய நூலகத்தில் இருக்கும் பிரதி 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அச்சானது. அந்த நிறங்களை 1760க்கு உரியவை என்று சொல்ல வழியில்லை. பலரும் மனதில் வைத்திருக்கும் பளிச்சென்ற சிவப்பு, நீலம், மஞ்சள் இன்னும் பிந்தியவை. 1930இல் சீட்டுக்கட்டு தயாரிக்கும் கிரிமோ நிறுவனத்தில் போல் மார்த்தோ வெளியிட்ட கட்டு பரப்பிய தோற்றம் அது. நிறத்துக்குப் பொருள் சொல்பவர்கள் பெரும்பாலும் அந்தக் கட்டைப் பார்த்தே சொல்கிறார்கள்.

இனி நிலா. ஆய்வாளர்கள் மார்சேய் வடிவத்தை முதல் வகை, இரண்டாம் வகை என்று பிரிக்கிறார்கள். உங்கள் டோடால் முதல் வகை, கான்வேர் இரண்டாம் வகை. ஸ்கேன்களைக் கறுப்பு வெள்ளையாக்கி இந்த நான்கு சீட்டுகளை மட்டும் அருகருகே வையுங்கள். நிலாவை நீங்களே கண்டுவிட்டீர்கள். கோமாளியின் பெயர் டோடாலில் 'லெ ஃபோல்', கான்வேரில் 'லெ மா'. பிசாசின் வயிற்றில் டோடால் இன்னொரு முகம் வைத்திருக்கிறார், கான்வேரில் அது இல்லை. உலகம் சீட்டில் நடுவே நிற்கும் உருவத்தின் தோளில் டோடால் மேலங்கி போர்த்துகிறார், கான்வேரில் ஒரு மெல்லிய துணி மட்டும். இந்த நான்கும் ஒத்துப்போனால் வகை உறுதி.

முதல், இரண்டு என்ற எண்களை வயது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். டிஜோனில் பியேர் மதெனியே இரண்டாம் வகைச் சீட்டுக்கட்டைச் செய்தது 1709. அவிஞ்ஞோனில் பாயேன் முதல் வகையைச் செய்தது 1713. இரண்டும் ஒரே காலத்தில் விற்ற சரக்கு. ஒன்றிலிருந்து மற்றது பிறந்தது என்று இந்தத் தேதிகளை வைத்துச் சொல்ல முடியாது, ஆகவே 'மூலம்' என்ற சொல்லை இங்கே நான் பயன்படுத்த மாட்டேன்.

இன்னொரு பொறி, இடமும் வலமும். அச்சான சீட்டைப் பார்த்து அப்படியே மரக்கட்டையில் செதுக்கினால், அடுத்த அச்சில் படம் திரும்பிவிடும். 1650 வாக்கில் பாரிஸில் ழாக் வியேவில் செய்த கட்டில் பல துருப்புகள் (நிலா, பிசாசு, உலகம் போன்ற படச் சீட்டுகள்) மார்சேய் வடிவத்தின் கண்ணாடிப் பிம்பங்கள். 'இவர் இடப்பக்கம் பார்க்கிறார், ஆகவே கடந்த காலம்' என்ற விளக்கம் இதோடு கவிழ்கிறது.

வியேவிலைக் கண்டிப்பாகப் பாருங்கள். எனக்கு மிகவும் பிடித்த கட்டு அது. துருப்புகளில் பெயர்கள் கிடையாது. நட்சத்திரத்தில் ஒரு கோபுரத்தின் அருகே காம்பஸோடு ஒரு மனிதர், நிலாவில் மரத்தடியில் நூல் நூற்கும் பெண், சூரியனில் கொடியோடு குதிரைமேல் ஒரு குழந்தை. மார்சேயின் நீர் ஊற்றும் பெண்ணும், நாயும் நண்டும், இரட்டைக் குழந்தைகளும் இங்கே கிடையாது. இந்த மூன்று படங்களும் 18ஆம் நூற்றாண்டின் பிரஸ்ஸல்ஸ் கட்டுகளிலும் தொடர்கின்றன. பிரஸ்ஸல்ஸில் பெண் போப்பின் இடத்தில் ஸ்பானியத் தளபதி, போப்பின் இடத்தில் பீப்பாய்மேல் மதுக் கடவுள் பாக்கஸ். பெசான்சோன் கட்டில் அதே இரண்டு இடங்களுக்கு ரோமானியக் கடவுள்களான ஜூனோவும் ஜூபிடரும் வருகிறார்கள். மார்சேய்தான் பிரெஞ்சு டாரட் என்று நினைப்பவர் இந்த மூன்றையும் பார்த்த பிறகு அப்படி நினைக்க மாட்டார்.

அடுத்து, 1650 வாக்கில் பாரிஸில் ழான் நோப்ளே செய்த சீட்டுக்கட்டை வாங்குவீர்கள் என்று ஊகிக்கிறேன். அதில் மரணத்துக்குப் பெயர் எழுதியிருக்கும், டோடாலிலும் கான்வேரிலும் பதிமூன்று என்ற எண் மட்டும்தான். ஒன்று மட்டும் கவனியுங்கள். எஞ்சியிருக்கும் பிரதியில் வாள் இனத்தில் ஆறு முதல் பத்து வரையிலான ஐந்து சீட்டுகள் இல்லை. மறுபதிப்பில் அவற்றை இக்காலத்தவர் வரைந்து நிரப்பியிருப்பார்கள். ஒப்பிடும்போது அந்த ஐந்தையும் தனியாக எடுத்துவைத்துவிடுங்கள்.