கோபன்ஹேகனில் அரை நாள்: பழைய ஊர் எங்கே இருக்கிறது?

வணக்கங்க. கோபன்ஹேகனில் அரை நாள்தான் கிடைக்கும், அது மீனவர் ஊராக இருந்த சுவடு எங்கே பார்க்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். நியூஹவ்ன் கால்வாயும் வண்ண வீடுகளும் படத்துக்கு அழகு, ஆனால் அதுவே 17ஆம் நூற்றாண்டில் வெட்டியது. நேராக கிறிஸ்டியான்ஸ்போர்க் அரண்மனைக்கு அடியில் இறங்குங்கள். பிஷப் அப்சலோன் 1167 வாக்கில் கட்டிய கோட்டையின் சுண்ணாம்புக்கல் சுவரைக் கிட்ட நின்றே பார்க்கலாம். ஹெர்ரிங் மீன் வியாபாரத்தில் ஊர் கொழுத்தது. வட ஜெர்மன் துறைமுக நகரங்களின் கூட்டணியான ஹான்சாவின் வணிகர்களுக்குப் பொறுக்குமா? 1369இல் கோட்டையை இடித்துத் தள்ளினார்கள்.

அப்புறம் ஓர்ஸ்டட் பூங்கா. அங்கே இருக்கும் குளம் ஊர் மதிலைச் சுற்றியிருந்த பழைய அகழியின் மிச்சம். 1850கள் வரை மதிலுக்குள்ளேயே ஜனம் நெருக்கியடித்துக் கிடந்தது. 1853 காலராவில் ஏறக்குறைய 5,000 பேர் போனார்கள். ஊர் வெளியே பரவியது அதற்குப் பிறகுதான். சரி, நேரம் இடித்தால் பூங்காவை விடுங்கள், இடிபாட்டை விடாதீர்கள்.