ஒஸ்லோ மாநகர சபைத் தேர்தல்: நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்

அடுத்த ஒஸ்லோ மாநகர சபைத் தேர்தல் 2027 செப்டம்பரில் வருகிறது. நோர்வேயின் உள்ளூராட்சி அரசியலை நீண்ட காலமாகக் கவனித்து வருகிறவன் என்பதால், சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன். எந்தக் கட்சிக்குப் போடுவது என்று கேட்டவர்களுக்கு மட்டும் பதில் கிடையாது. அது உங்கள் வேலை.

ஒஸ்லோவுக்குப் புதிதாக வந்த ஒருவர்: மேயர் என்று ஒருவர் பெயர் செய்தியில் வருகிறது. ஆனால் முடிவெல்லாம் வேறொருவர் எடுப்பது போலத் தெரிகிறதே, அண்ணா?

சரியாகத்தான் கவனித்திருக்கிறீர்கள். 1986 முதல் ஒஸ்லோ ஒரு குட்டி நாடாளுமன்ற முறையில் நடக்கிறது. மக்கள் 59 உறுப்பினர்களைத் தெரிவு செய்கிறார்கள். அந்தச் சபையின் ஆதரவு இருக்கும்வரை ஒரு நகர அரசு பதவியில் இருக்கும். பள்ளிக்கூடம், போக்குவரத்து, நிதி என்று ஒவ்வொரு துறைக்கும் அதில் ஒருவர் பொறுப்பு. அதன் தலைவர்தான் நகரத்தின் பிரதமர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேயர் சபைக் கூட்டங்களை நடத்துவார், விருந்தினர்களை வரவேற்பார், விழாக்களில் நகரத்தின் முகமாக நிற்பார். மதிப்பு பெரிது, அதிகாரம் சிறிது.

2023 தேர்தலுக்குப் பிறகு நகர அரசின் தலைவரானவர் ஐரிக் லே சூல்பர்க், மேயரானவர் அன்ன லிண்ட்பூ. இரண்டு பேரும் வலதுசாரிக் கட்சி. லிண்ட்பூ குழந்தை மருத்துவர். அரசியலுக்கு முன்பு சிறுவர் உரிமைகளுக்கான நாட்டின் குறைகேள் அதிகாரியாக இருந்தவர். இருவரையும் மக்கள் நேரடியாகத் தெரிவு செய்யவில்லை. மேயரை மக்களே நேரடியாகத் தெரிவு செய்யும் முறையை 1999 முதல் சில நகராட்சிகளில் பரீட்சித்துப் பார்த்தார்கள். சில வருடங்களில் கைவிட்டுவிட்டார்கள்.

தொழிலுக்காக இங்கே வந்த பொறியாளர்: என்னிடம் இந்தியக் கடவுச்சீட்டுதான். எனக்கு வாக்கு உண்டா?

நாடாளுமன்றத் தேர்தலில் இல்லை. உள்ளூராட்சித் தேர்தலில் உண்டு. தேர்தல் நாளுக்கு முந்தைய மூன்று வருடமும் தொடர்ச்சியாக நோர்வேயின் மக்கள் பதிவேட்டில் இருந்திருந்தால் போதும். 1983 முதல் இந்த உரிமை இருக்கிறது. அந்த வருடம் டிசம்பர் 31-க்குள் 18 வயது நிரம்புகிறவர்களும் வாக்களிக்கலாம். இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை: வாக்குரிமை இருந்து, ஒஸ்லோவில் பதிவும் இருந்தால் வேட்பாளராகவும் நிற்கலாம். குடியுரிமை கேட்க மாட்டார்கள்.

கல்லூரி மாணவி: 2019-இல் வலதுசாரிக் கட்சிதானே முதலிடம்? பிறகு ஏன் எதிர்க்கட்சி வரிசையில் உட்கார்ந்தது?

முதலிடத்துக்கு இங்கே பரிசு எதுவும் கிடையாது. 59-இல் 30 பேரை யார் தன் பக்கம் வைத்திருக்கிறார் என்பதுதான் கணக்கு. 2019-இல் வலதுசாரிக் கட்சிக்கு 25 சதவீதத்துக்குச் சற்று மேல், தொழிற்கட்சிக்கு 20 சதவீதம். ஆனால் பசுமைக் கட்சி 15 சதவீதத்தைத் தாண்டியது. அதோடு சோசலிச இடதுசாரிக் கட்சியையும் சேர்த்துக்கொண்டு தொழிற்கட்சியின் ரேமண்ட் யொஹான்சனே தலைவராகத் தொடர்ந்தார். மூன்று கட்சி சேர்ந்தும் பெரும்பான்மை இல்லை. அரசில் சேராத சிவப்புக் கட்சி வெளியிலிருந்து கை கொடுத்தது.

இதே ஏற்பாடு 2015-இலேயே தொடங்கிவிட்டது. 1997 முதல் வலதுசாரிகள் ஆண்ட நகரம் அது. அந்தத் தேர்தலில் தொழிற்கட்சிக்கு 20 இடம், வலதுசாரிக் கட்சிக்கு 19. வித்தியாசம் ஒன்றுதான். ஆனால் ஆட்சியைத் தீர்மானித்தது பசுமைக் கட்சியின் 5 இடங்கள். மேயர் பதவி சோசலிச இடதுசாரிக் கட்சியின் மரியான்ன போர்கனுக்குப் போனது, அந்தக் கட்சிக்குச் சபையில் இருந்தது 3 பேர். 3 பேர் வைத்திருந்த கட்சியிலிருந்து மேயரா என்று அப்போது முகம் சுளித்தவர்கள் உண்டு. கூட்டணிப் பேரத்தில் இதெல்லாம் வழக்கம்தான், அவர் எட்டு வருடம் அந்தப் பதவியில் இருந்தார்.

2023-இல் காற்று திரும்பியது. வலதுசாரிக் கட்சி மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு வாக்கு வாங்கி, தாராளவாதக் கட்சியான வென்ஸ்த்ரவோடு சேர்ந்து அரசு அமைத்தது.

கணக்கு ஆசிரியர்: இடங்களை எப்படிப் பிரிக்கிறார்கள்? குறைந்தபட்ச சதவீதம் என்று ஏதும் உண்டா?

உள்ளூராட்சித் தேர்தலில் அப்படி ஒரு வரம்பு இல்லை. ஒவ்வொரு கட்சியின் வாக்கையும் 1.4, 3, 5, 7 என்று வரிசையாக வகுத்துக்கொண்டே போவார்கள். கிடைக்கும் எண்களில் பெரிய 59 எண்களுக்கு 59 இடம். ஒரு கட்சிக்கு 14,000 வாக்கு என்றால் முதல் எண் 10,000, அடுத்தது 4,667. இன்னொரு கட்சிக்கு 5,600 என்றால் அதன் முதல் எண் 4,000. ஆக, பெரிய கட்சியின் இரண்டாவது ஆள் சிறிய கட்சியின் முதல் ஆளுக்கு முன்னால் நிற்கிறார். முதல் வகுப்பான் 1 என்று இல்லாமல் 1.4 என்று இருப்பதே மிகச் சிறிய கட்சிகளின் வாசலைக் கொஞ்சம் ஒடுக்கத்தான். அப்படியும் 59 இடம் இருப்பதால், சுமார் 1.2 சதவீதம் வாங்கினால் ஒரு இடத்தை எட்டிவிடலாம். "சின்னக் கட்சிக்குப் போட்டால் வாக்கு வீண்" என்று யாராவது சொன்னால், அவர் ஒஸ்லோவைப் பற்றிப் பேசவில்லை.

குரூருட் பகுதியில் வசிக்கும் அக்கா: வாக்குச் சீட்டில் பெயருக்குப் பக்கத்தில் புள்ளடி போடலாம் என்கிறார்கள். போட்டால் உண்மையில் ஏதாவது மாறுமா?

மாறும், ஆனால் எங்கே மாறும் என்று தெரிந்துகொண்டு போட வேண்டும்.

நீங்கள் எடுக்கும் சீட்டு ஒரு கட்சியின் பட்டியல். அதில் எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் புள்ளடி போடலாம். அது விருப்பு வாக்கு. கட்சியின் மொத்த இடங்களை அது கூட்டாது, யார் உள்ளே போவது என்பதை மாற்றும். ஆனால் பட்டியலின் மேலே சில பெயர்கள் தடித்த எழுத்தில் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவர்களுக்குக் கட்சியே ஒரு முன்பணம் கட்டியிருக்கிறது. கட்சி வாங்கும் வாக்கில் 25 சதவீதம் அவர்கள் கணக்கில் விருப்பு வாக்காகச் சேர்ந்துவிடும். கீழே இருக்கும் ஒருவர் இவர்களைத் தாண்ட வேண்டுமானால், கட்சிக்கு வாக்களித்தவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் அவருக்குப் புள்ளடி போட்டிருக்க வேண்டும். ஒஸ்லோ அளவு நகரத்தில் அது மலை ஏறும் வேலை. ஆகவே தடித்த எழுத்துக்காரர்களுக்குப் புள்ளடி போடுவது பெரும்பாலும் மரியாதைக்குத்தான். அவர்களுக்குக் கீழே உள்ளவர்களிடையேதான் உண்மையான போட்டி. அங்கே சில நூறு புள்ளடிகள் ஒருவரைச் சபைக்குள் அனுப்பும், இன்னொருவரை வெளியே நிறுத்தும். குடியேறிய குடும்பங்களைச் சேர்ந்த பல வேட்பாளர்கள் இந்த வழியில்தான், கட்சி கொடுத்த வரிசையைத் தாண்டி, ஒஸ்லோ சபைக்குள் வந்திருக்கிறார்கள்.

வேறு கட்சி வேட்பாளரின் பெயரையும் உங்கள் சீட்டில் எழுதலாம். அதற்கு ஒரு விலை உண்டு. உங்கள் சீட்டை 59 துண்டாக நினைத்துக்கொண்டால், எழுதும் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு துண்டு அந்தக் கட்சிக்குப் போய்விடும். பிடித்த ஒரு ஆளுக்காக அதைக் கொடுப்பது எனக்குத் தப்பாகப் படவில்லை.

இளைஞர் ஒருவர்: கம்ஷாஜினி குணரத்தினம் மேயராக இருந்தாரா, துணை மேயரா? வீட்டில் வாக்குவாதமே நடக்கிறது.

துணை மேயர், தம்பி. 2015 முதல் 2021 வரை. 1988-இல் யாழ்ப்பாணத்தில் பிறந்து, மூன்று வயதில் பெற்றோரோடு நோர்வேக்கு வந்தவர். தொழிற்கட்சி சார்பில் 2007-இல், 19 வயதில் ஒஸ்லோ சபைக்குத் தெரிவானார். 2011 ஜூலை 22 அன்று உத்தோயா தீவில் கட்சியின் இளைஞர் முகாமில் துப்பாக்கிச் சூடு நடந்தபோது நீந்தித் தப்பியவர்களில் ஒருவர். 2021-இல் ஒஸ்லோ தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் போனார். வாக்குவாதத்தில் யார் பக்கம் வென்றது என்று சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற அரச ஊழியர்: நான்கு வருடத்துக்கு நடுவில் நகர அரசைக் கவிழ்க்க முடியுமா? கவிழ்ந்தால் மறுதேர்தலா?

கவிழ்க்கலாம். மறுதேர்தல் கிடையாது. சபையைக் கலைக்கவே வழி இல்லை. இருக்கிற 59 பேருக்குள்ளேயே புதிய அரசு கண்டுபிடிக்க வேண்டும்.

2021 ஜூனில் இது நடந்தது. ஒஸ்லோவின் குடிநீரில் ஏறத்தாழ 90 சதவீதம் மாரிடால்ஸ்வன்னத் என்ற ஒரே ஏரியிலிருந்து வருகிறது. அதற்கு ஏதாவது ஆகிவிட்டால் நகரமே வறண்டுவிடும் என்பதால், மேற்கே ஹோல்ஸ்ஃபியோர்டன் ஏரியிலிருந்து தண்ணீர் கொண்டுவரும் பெரிய திட்டம் போட்டார்கள். அதன் செலவு பல நூறு கோடி குரோனர் கூடிவிட்டது. செலவு கூடியது மட்டும் பிரச்சினையில்லை. அது சபைக்கு உரிய நேரத்தில் சொல்லப்படவில்லை என்பதுதான் குற்றச்சாட்டு. துறைக்குப் பொறுப்பாக இருந்த பசுமைக் கட்சியின் லான் மரி பர்க் மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்தது. அவரை மட்டும் தனியே விட முடியாது என்று யொஹான்சன் முழு அரசையும் பணயம் வைத்தார். தீர்மானம் நிறைவேறியது, மொத்த அரசும் பதவி விலகியது.

அப்புறம் என்ன ஆனது? எதிரணி மாற்று அரசு அமைக்க முடியாமல் போக, அதே யொஹான்சன் அதே மூன்று கட்சிகளோடு திரும்பி வந்தார். புதிய அரசில் பர்க் மட்டும் இடம்பெறவில்லை. அவர் அந்த செப்டம்பரிலேயே நாடாளுமன்றத்துக்குத் தெரிவானார். இதை நாடகம் என்று சிரித்தவர்களும் உண்டு. சபைக்குத் தகவல் மறைத்தால் பதவி போகும் என்ற பயம் நிலைத்ததே, அது போதும் என்பது என் எண்ணம்.

வீடு வாங்கப் போகும் தம்பதி: பிரசாரத்தில் உண்மையில் எதற்காகச் சண்டை போடுகிறார்கள்?

உங்களுக்கு நேரடியாகப் படும் ஒன்று, வீட்டுச் சொத்து வரி. 2015-இல் வந்த கூட்டணி 2016-இல் அதைக் கொண்டுவந்தது. மதிப்பில் 40 லட்சம் குரோனரைக் கழித்துவிட்டு மிச்சத்துக்குத்தான் வரி என்பதால் சிறிய குடியிருப்புகள் தப்பின, பெரும்பாலும் நகரத்தின் மேற்குப் பக்கம்தான் கட்டியது. வலதுசாரிகள் அன்றிலிருந்து இதை எதிர்க்கிறார்கள். கார்களுக்கான சாலைக் கட்டணம் இன்னொன்று. 2019-இல் அதை மட்டுமே எதிர்த்து நின்ற ஒரு கட்சி சபைக்குள் இடம் பிடித்தது. அதே தேர்தலில்தான் கார்களைக் குறைக்கச் சொன்ன பசுமைக் கட்சியும் வளர்ந்தது. நகரம் இரண்டாகப் பிரிந்து நின்றது. இதோடு பள்ளிக்கூடம், முதியோர் பராமரிப்பு. ஒஸ்லோ நகராட்சியாகவும் மாவட்டமாகவும் இருப்பதால் மேல்நிலைப் பள்ளிகளும் அதன் கையில்தான். காவல்துறையும் மருத்துவமனைகளும் மத்திய அரசிடம். அவற்றுக்காக வாக்குறுதி கொடுக்கும் உள்ளூர் வேட்பாளரைக் கொஞ்சம் சந்தேகத்தோடு கேளுங்கள்.

முதல்முறை வாக்காளர்: இரண்டு சீட்டு எதற்கு? என்ன கொண்டுபோக வேண்டும்?

ஒன்று மாநகர சபைக்கு, மற்றது உங்கள் பகுதிச் சபைக்கு. ஒஸ்லோவில் 15 பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு சபை. மழலையர் பள்ளி, வீட்டுக்கு வரும் முதியோர் உதவி எல்லாம் அங்கே நடக்கும். படம் ஒட்டிய அடையாள அட்டை கட்டாயம், வாக்காளர் அட்டை இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஆகஸ்ட் 10 முதல் முன்கூட்டியே வாக்களிக்கலாம். சீட்டை மடித்து முத்திரை குத்தச் சொல்லிவிட்டுப் பெட்டியில் போடுங்கள். முத்திரை இல்லாத சீட்டு செல்லாது.

ஒஸ்லோவுக்குப் பக்கத்து நகராட்சியான லோரன்ஸ்கூக்கில் வசிப்பவர்: வேலையும் கடையும் நண்பர்களும் ஒஸ்லோவில். அங்கே வாக்களிக்க முடியாதா?

முடியாது. தேர்தல் வருடத்தின் ஜூன் 30 அன்று மக்கள் பதிவேட்டில் உங்கள் முகவரி எங்கே இருக்கிறதோ அங்கேதான் வாக்கு. ஆனால் நீங்கள் தினமும் ஏறும் பேருந்தை நடத்தும் ரூத்தர் நிறுவனத்தில் ஒஸ்லோவுக்கு 60 சதவீதம், நீங்கள் இருக்கும் ஆகர்ஷூஸ் மாவட்டத்துக்கு 40 சதவீதம் பங்கு. மாவட்ட சபைத் தேர்தலுக்கும் அதே நாளில் உங்கள் கையில் ஒரு சீட்டு இருக்கும். பயணச்சீட்டு விலை பற்றி ஏதாவது சொல்ல வேண்டுமானால் அதில் சொல்லுங்கள்.