17 வயதில் நீரில் மூழ்கி இறந்த அண்ணனின் நினைவுகளை 30 வருடம் கழித்து எப்படித் திரட்டி வைப்பது?

உங்கள் கேள்வியில் இரண்டு விஷயம் இருக்கிறது. கண்ணாடிச் சட்டத்தில் ஒரு படம், ஒரு குரூப் போட்டோ, அவர் பேசிப் பதிந்த ஒரு கேசட், இவற்றைக் காப்பாற்ற வேண்டும் என்பது ஒன்று. "கரையில் அத்தனை பேர் இருந்தும் யாருக்கும் ஏன் கேட்கவில்லை?" என்பது இன்னொன்று. முதலில் இரண்டாவதற்கு வருகிறேன். அது உறுத்திக்கொண்டே இருந்தால், யாரிடம் பேச உட்கார்ந்தாலும் பேச்சு அந்த ஒரு நாளையே சுற்றும். அவர் வாழ்ந்த 17 வருடம் வெளியே வராது.

கேட்காததற்குக் காரணம், பெரும்பாலும் சத்தமே வந்திருக்காது. மூழ்குகிறவரின் வாய் தண்ணீருக்கு மேலே வருவது ஓரிரு கணம்தான். மூச்சை விட்டு இழுக்கவே அது போதாது, கத்துவது எங்கே? கையைத் தூக்கி ஆட்டவும் முடியாது. இரண்டு கையும் தானாகவே பக்கவாட்டில் விரிந்து தண்ணீரைக் கீழே அழுத்தும். உடம்பு செங்குத்தாக நிற்கும், தலை பின்னால் சாயும். இதெல்லாம் 20 முதல் 60 நொடிக்குள் முடிந்துவிடும். பிரான்செஸ்கோ பியா என்ற அமெரிக்க உயிர்காப்பாளர் இதைப் படம்பிடித்து ஆராய்ந்து 1970களில் எழுதினார். கரையிலிருந்து பார்க்கிறவர்களுக்கு ஆள் தண்ணீரில் நின்று விளையாடுவது போலத்தான் தெரியும். "காப்பாத்துங்க" என்ற அலறல் வந்தாலும் இதற்கு முந்தைய கட்டத்தில்தான் வரும், அதுவும் எல்லோருக்கும் வராது.

"நன்றாக நீந்துவாரே" என்கிறீர்கள். நொடிக்கு 1 மீட்டர் ஓடும் தண்ணீர் பார்ப்பதற்குச் சாதுவாகத்தான் இருக்கும். சாதாரணமாக நீந்தத் தெரிந்தவர் அதை எதிர்த்து நீந்தினால் சில நிமிடங்களில் ஓய்ந்துவிடுவார். அன்று அண்ணனோடு கூடப் போன நண்பர் குதிக்காமல் ஆள் கூப்பிட ஓடியது கோழைத்தனம் இல்லை. மூழ்குகிறவர் கைக்குக் கிடைத்ததைப் பிடித்து அழுத்தித்தான் மேலே வரப் பார்ப்பார். கயிறு, கம்பு, மிதக்கும் பொருள் எதுவும் இல்லாமல் குதித்தால் இரண்டு பேரும் போவது அப்படித்தான்.

அந்த நண்பரிடம்தான் உங்களுக்கு வேண்டிய பாதி இருக்கிறது. அவர் அந்த நாளிலிருந்துதான் தொடங்குவார், தடுக்காதீர்கள். முடித்த பிறகு "அதுக்கு முந்தின வாரம் ரெண்டு பேரும் என்ன பண்ணீங்க?" என்று கேளுங்கள். "எப்படிப்பட்டவர்?" என்று கேட்டால் யாரும் "தங்கமான பையன்" என்று முடித்துக்கொள்வார்கள். எந்த பெஞ்சில் உட்காருவார், சைக்கிளில் எப்படி ஏறுவார், யாரோடு சண்டை, எதற்குப் பொய் சொன்னார் என்று கேட்டால் ஆள் எழுந்து வருவார். ஒரு நேரத்தில் ஒருவரிடம் மட்டும், முக்கால் மணிக்கு மேல் வேண்டாம். ஒருவர் சொன்னதும் இன்னொருவர் சொன்னதும் முரண்பட்டால் சரிபண்ணாமல், பெயரும் தேதியும் போட்டு இரண்டையும் எழுதி வையுங்கள்.

படத்துக்கு வருவோம். பழைய படம் சட்டத்தின் கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் பிரிக்கவே கூடாது. படத்தின் மேல்படலம் கண்ணாடியோடு உரிந்து வந்துவிடும். கண்ணாடியோடு அப்படியே ஸ்கேன் செய்யுங்கள். சாதாரண அளவுப் படத்துக்கு 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற ஸ்கேன் அளவு) போதும். குரூப் போட்டோவில் முகம் நகக்கண் அளவுதான் என்பதால் 1200. தரம் குறையாமல் வைக்க டிஃப் கோப்பாக ஒன்று, பகிர ஜேபெக் ஒன்று. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் டாக்குமெண்டாக அனுப்புங்கள், இல்லையென்றால் படத்தைச் சுருக்கிவிடும். பிரிக்க முடிகிற படங்களின் பின்பக்கத்தையும் ஸ்கேன் பண்ணுங்கள், ஸ்டுடியோ முத்திரையும் தேதியும் பலசமயம் அங்கேதான் இருக்கும். புதிதாக ஏதாவது எழுதினால் மென்மையான பென்சில் மட்டும். பால்பாயிண்ட் அழுத்தம் முன்பக்கம் தெரியும்.

ஏஐ செயலியில் "தெளிவாக்க" கொடுக்கும் ஆசை வரும். மங்கலான முகத்தில் இல்லாத விவரத்தை அது கற்பனையாகத்தான் நிரப்பும். பளிச்சென்று ஒரு முகம் வரும், உங்கள் அம்மா பார்த்தால் "இது அவன் இல்லையே" என்பார். செய்தே ஆகவேண்டும் என்றால் நகலில் மட்டும்.

கேசட்டைத் தள்ளிப்போடாதீர்கள். மேல் விளிம்பில் இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் நாக்குகளையும் முதலில் உடைத்துவிடுங்கள். தவறி ரெக்கார்ட் பட்டன் அமுங்கினாலும் அழியாது. நாடாவுக்குப் பின்னால் சின்னப் பஞ்சுத் துண்டு இருக்கிறதா பாருங்கள். அது விழுந்திருந்தால் ஒலி மங்கும், நாடாவை வேறு கூட்டுக்கு மாற்ற வேண்டும். டேப் ரெக்கார்டரில் நாடா உரசும் ஹெட்டைத் துடைத்து, வேறொரு கேசட்டை ஓட்டிப் பார்த்து, நாடாவை இழுத்துச் சிக்கவைக்கவில்லை என்று உறுதியான பிறகுதான் இதைப் போட வேண்டும். ஒருமுறை கடைசிவரை சுற்றித் திருப்பிவிட்டு, முதல் ஓட்டத்திலேயே கணினியில் வேவ் கோப்பாக (சுருக்காத ஒலிக்கோப்பு) பதியுங்கள். மூலக் கோப்பில் இரைச்சலை நீக்க வேண்டாம். "ஸ்ஸ்" சத்தத்தோடு சேர்ந்து, ஒரு வாக்கியத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவே அவர் மூச்சு இழுப்பதும் போய்விடும்.