கண்ணாடியில் ஒட்ட ஒன்றும் வராது, தம்பி

களுவாஞ்சிக்குடியிலிருந்து லண்டன் வந்து நாலு மாதம், பழைய கார் ஒன்று வாங்கி றோட் டாக்ஸும் (வாகன வரி) ஒன்லைனில் கட்டியாச்சு, இன்னும் பத்திரம் தபாலில் வரவில்லை, வரும்வரை காரை ஓடலாமா, பொலிஸ் மறித்தால் எதைக் காட்டுவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஓடலாம். நீங்கள் காத்திருக்கும் பத்திரம் வரவே வராது. கண்ணாடியில் ஒட்டும் வட்டப் பத்திரத்தை இங்கே 2014 ஒக்டோபர் 1ஆம் திகதியோடு நிறுத்திவிட்டார்கள். எங்கட ஊரில் இன்சூரன்ஸும் புகைப் பத்திரமும் கொண்டுபோய் பிரதேச செயலகத்தில் வாகன வரி லைசன் எடுத்து, அதை முன் கண்ணாடியில் ஒட்டினால்தான் கல்லடிப் பாலத்தைப் பயமில்லாமல் தாண்டலாம். இங்கே கமரா நம்பர் பிளேட்டை வாசிக்கும். டாக்ஸ், எம்.ஓ.டி. (வருடாந்த வாகனப் பரிசோதனை), இன்சூரன்ஸ் மூன்றும் பொலிஸின் கணினியில் தெரியும். காசு கட்டிய நேரத்திலிருந்தே டாக்ஸ் செல்லும். ஆனால் டி.வி.எல்.ஏ. (இங்கத்தைய வாகனப் பதிவு நிறுவனம்) இணையத்தில் நம்பரை அடித்துப் பார்த்தால் பதிவு மாற 5 வேலை நாள் வரை எடுக்கலாம். அதுவரை கட்டியதற்கு வந்த ஈமெயிலை போனில் வைத்திருங்கள். மறித்தால் டிரைவிங் லைசன்ஸ் கையில் இல்லையென்றாலும் 7 நாளுக்குள் பொலிஸ் நிலையத்தில் கொண்டுவந்து காட்டச் சொல்லுவார்கள்.

நம்மட ஆட்கள் மாட்டுப்படுவது பத்திரத்தில் இல்லை, கார் கைமாறும் நாளில்தான். ஊரில் வாகனம் வித்தாலும் ஒட்டியிருக்கும் லைசன் முடியும் வரைக்கும் ஓடுவோம். அதே நினைப்பில் "வித்தவர் மார்ச் வரைக்கும் டாக்ஸ் கட்டியிருக்கிறார்" என்று நம்பி எடுத்துவந்துவிடுவார்கள். இங்கே டாக்ஸ் காரோடு வராது. வித்தவர் டி.வி.எல்.ஏ.க்கு அறிவித்ததும் அவருடைய டாக்ஸ் முடிந்துவிடும், மீதி முழு மாதங்களின் காசு அவருக்கே திரும்பிப் போகும். ஆகவே நீங்கள் அவருடைய வாசலிலேயே நின்று கட்ட வேண்டும். லோக் புக்கிலிருந்து (காரின் பதிவுப் பத்திரம்) கிழித்துத் தரும் பச்சைத் துண்டைப் பாருங்கள், வி5சி/2 என்று இருக்கும், அதில் 12 இலக்க எண் ஒன்று உண்டு. முதலில் இன்சூரன்ஸ் எடுங்கள், எம்.ஓ.டி. முடியவில்லையா என்று பாருங்கள், பிறகு அந்த எண்ணை வைத்து டாக்ஸ், அதன் பிறகுதான் சாவி. இன்சூரன்ஸ் இல்லாமல் பிடிபட்டால் 300 பவுண் தண்டமும் லைசன்ஸில் 6 தண்டப் புள்ளியும். இங்கே டெஸ்ட் பாஸ் பண்ணி இரண்டு வருடத்துக்குள் 6 புள்ளி விழுந்தால் லைசன்ஸே போய்விடும்.

திகதியையும் கவனியுங்கள். 29ஆம் திகதி வாங்கினாலும் அந்த மாதம் 1ஆம் திகதியிலிருந்து கட்ட வேண்டும், அதே மாதக் காசு வித்தவருக்கும் திரும்பாது. இரண்டு நாள் பொறுக்க முடிந்தால் பொறுங்கள்.

மாதாமாதம் டைரக்ட் டெபிட்டில் கட்டினால் 5 வீதம் கூடப் போகும். புதிதாக வந்தவர்களின் பாங்க் கணக்கில் அன்றைக்குக் காசு இல்லாமல் போவது நடக்கிற விஷயம். முதல் தடவை திரும்பினால் 4 வேலை நாளுக்குள் இன்னொரு தடவை எடுத்துப் பார்ப்பார்கள், அதுவும் திரும்பினால் டாக்ஸ் ரத்து. அதை ஈமெயிலில்தான் அறிவிப்பார்கள், ஸ்பாமில் கிடந்தாலும் கணக்கு அதுதான். பிறகு 80 பவுண் தண்டம் வரும், 33 நாளுக்குள் கட்டினால் 40. ஓடாமல் றோட்டில் நிறுத்தி வைத்திருந்தாலும் இதே கதி, சில்லுக்குப் பூட்டுப் போட்டால் எடுக்கவே 100 பவுண். டாக்ஸ் இல்லாத காரை றோட்டில் எடுக்கக்கூடியது முன்கூட்டியே பதிந்த எம்.ஓ.டி.க்குப் போக மட்டும்தான், அதுக்கும் இன்சூரன்ஸ் வேண்டும்.

தபாலில் வரக்கூடியது லோக் புக் ஒன்றுதான். வித்தவர் ஒன்லைனில் அறிவித்தால் 5 வேலை நாளளவில் வரும், தபாலில் அனுப்பியிருந்தால் நாள் பிடிக்கும். அது கையில் இல்லாமலும் ஓடலாம். நாள் கடந்தும் வரவில்லையென்றால் லோக் புக் கேட்கும் வி62 படிவம் போடுங்கள். பச்சைத் துண்டு உங்களிடம் இருந்தால் காசில்லை, தொலைத்திருந்தால் 25 பவுண். அதனால் அந்தத் துண்டைக் காரில் போட்டு வைக்காதீர்கள், வீட்டில் வையுங்கள்.

நீங்கள் அறை மாறும் ஆளென்றால் ஒவ்வொரு தடவையும் லோக் புக் முகவரியை மாற்றுங்கள். ஒன்லைனில் காசில்லை. மாற்றாவிட்டால் டாக்ஸ் நினைவூட்டல் பழைய வீட்டுக்குப் போகும், "கடிதம் வரவில்லை" என்ற காரணத்தை எடுக்கமாட்டார்கள்.

இலங்கை டிரைவிங் லைசன்ஸில் இங்கே குடியிருக்கத் தொடங்கிய நாளிலிருந்து 12 மாதம்தான் ஓடலாம், மாற்றித் தரமாட்டார்கள். உங்களுக்கு நாலு மாதம் போய்விட்டது, புரொவிஷனலுக்கு (பழகுவோருக்கான லைசன்ஸ்) இந்த வாரமே போடுங்கள். டெஸ்ட் திகதி கிடைக்கவே மாதக்கணக்கு எடுக்கும்.