புரூனி எழுதிய உரைகளைச் சான்றாகக் காட்டலாமா?

கேள்வி: எம்.ஏ. வரலாறு படிக்கிறேன். 1260-இல் ஃப்ளாரன்ஸ் நகரத்தை இடித்துவிடலாமா என்று பக்கத்து ஊரான எம்போலியில் நடந்த ஆலோசனை பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதுகிறேன். பதினைந்தாம் நூற்றாண்டு அறிஞர் லியோனார்தோ புரூனி எழுதிய ஃப்ளாரன்ஸ் மக்களின் வரலாற்றில், இடிக்கக் கூடாது என்று எதிர்த்த ஃப்ளாரன்ஸ் தலைவர் ஃபாரினாத்தா அங்கே நிகழ்த்திய உரை வருகிறது. அதை மேற்கோள் காட்டலாமா? "எல்லாம் கற்பனை, தொடாதே" என்கிறார்கள் நண்பர்கள்.

பதில்: தாராளமாகக் காட்டலாம். எதற்குச் சான்றாக என்பதுதான் கேள்வி. ஃபாரினாத்தா அன்று பேசிய சொற்களுக்கு அது சான்றாகாது. ஒன்றரை நூற்றாண்டு கழித்து, பழைய கிரேக்க, லத்தீன் நூல்களில் ஊறிய ஓர் அறிஞர் (humanist) தன் நகரத்தின் பழைய வீரன் எப்படிப் பேசியிருக்க வேண்டும் என்று நினைத்தார் என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடைக்காது.

புரூனிக்கு முன்மாதிரி ரோமானிய வரலாற்றாசிரியர் லிவி. திருப்புமுனைகளில் தலைவர்களைப் பேசவிட்டு, அந்தப் பேச்சின் வழியாகக் காரணங்களை விளக்குவது லிவியின் முறை. படித்தவர்களுக்கு அது தெரியும் என்பதால் யாரும் அதை ஏமாற்று என்று நினைக்கவில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது, புரூனிக்கு முந்தைய ஃப்ளாரன்ஸ்காரர் ஜொவான்னி வில்லானியின் நாளாகமத்தைப் பக்கத்தில் வைத்துப் படிப்பது. அதே ஆலோசனையில் வில்லானியின் ஃபாரினாத்தா, கழுதையும் நொண்டி ஆடும் வருகிற இரண்டு கொச்சையான பழமொழிகளைக் கலந்து பேசுகிறார். புரூனியிடம் வரும்போது அவர் ரோமானிய செனட்டர் போல நாட்டுப்பற்றைப் பற்றிக் கம்பீரமாகப் பேசுகிறார். உங்கள் கட்டுரையின் உயிர் இந்த இடைவெளியில்தான் இருக்கிறது. எதை எடுத்தார், எதை விட்டார், எதை உயர்த்தினார் என்று வரிவரியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

அதற்காகப் புரூனியை வெறும் அலங்காரப் பேச்சாளர் என்று தள்ளிவிடாதீர்கள். அவருடைய வரலாற்றின் முதல் நூலை, அதாவது முதல் பகுதியைப் படித்தாலே அவரது கூர்மை தெரியும். ஃப்ளாரன்ஸை ஜூலியஸ் சீசர் காலத்தில் நிறுவினார்கள், கோத்திய மன்னன் டோட்டிலா அழித்தான், பேரரசர் சார்லமேன் திரும்பக் கட்டினார் என்பது வில்லானி சொன்ன கதை. புரூனி அதை ஏற்கவில்லை. ஃப்ளாரன்ஸை அடுத்த ஃபியெசோலே பக்கம் குடியேறிய, ரோமானியத் தளபதி சுல்லாவின் படைவீரர்களைப் பற்றி ரோமானிய எழுத்தாளர்கள் சிசரோவும் சல்லுஸ்தும் எழுதியதை வைத்து, நகரத்தைத் தொடங்கியவர்கள் அவர்களே என்றார். பழைய நூல்களைக் கொண்டு ஊர்க்கதையைச் சோதிப்பது அன்றைக்குப் பெரிய காரியம்.

ஆனால் அந்த முடிவு யாருக்கு வசதி என்றும் கேளுங்கள். சுல்லா காலம் என்றால், ஃப்ளாரன்ஸ் பேரரசர்களுக்கு முந்தைய ரோமானியக் குடியரசின் குழந்தை ஆகிவிடுகிறது. மிலானை ஆண்ட ஜான்கலியாசோ விஸ்கொந்தி 1402-இல் இறக்கும்வரை அவரை எதிர்த்து நின்ற நகரத்துக்கு இதைவிட இனிப்பான செய்தி வேறு என்ன? அந்த முதல் நூலை எழுதிய புரூனிக்கு 1416-இல் ஃப்ளாரன்ஸ் குடியுரிமையும் வரிச்சலுகையும் கொடுத்தார்கள். இன்றைய தொல்லியல் ஆய்வுகள் நகரத்தின் தொடக்கத்தைச் சீசர், அகஸ்டஸ் காலத்தை ஒட்டியே வைக்கின்றன. அதாவது, முறையில் புரூனி முந்தினார், காலத்தில் வில்லானிதான் நெருங்கி வந்திருக்கிறார். என்னைக் கேட்டால், இந்த வரலாற்றாசிரியர்களைப் படிப்பதன் சுவையே இதுதான்: நேர்மையான விமர்சனமும் நகரத்தின் தேவையும் ஒரே பத்தியில் வேலை செய்கின்றன.

அப்புறம், அவர் சொல்லாமல் விட்டதையும் தேடுங்கள். மாக்கியவெல்லி தன் ஃப்ளாரன்ஸ் வரலாற்றின் முன்னுரையிலேயே, புரூனியும், அவரைப் போலவே ஃப்ளாரன்ஸ் வரலாறு எழுதிய போஜ்ஜோவும் வெளிநாட்டுப் போர்களை விரிவாக எழுதிவிட்டு உள்நாட்டுப் பூசல்களைப் பற்றிப் பேசாமலோ சுருக்கியோ விட்டார்கள் என்று குறைப்படுகிறார். 1378-இல் கம்பளித் தொழிலாளர்கள் எழுந்த கிளர்ச்சியைப் புரூனி, மாக்கியவெல்லி இருவரிடமும் படித்துப் பாருங்கள். மாக்கியவெல்லி பெயரில்லாத ஒரு தொழிலாளிக்கு நீண்ட உரையே கொடுக்கிறார். அந்த உரையும் அவர் எழுதியதுதான், அதற்கும் இதே விதி பொருந்தும்.

கட்டுரையில் "ஃபாரினாத்தா கூறினார்" என்று எழுதாமல் "புரூனியின் ஃபாரினாத்தா கூறுகிறார்" என்று எழுதுங்கள். புரூனியின் வரலாற்றுக்கு ஹார்வர்டு வெளியிட்ட மூன்று தொகுதிப் பதிப்பில் லத்தீன் மூலமும் எதிர்ப்பக்கத்தில் ஆங்கிலமும் இருக்கின்றன. பக்க எண்ணோடு நூல் எண், பத்தி எண் இரண்டையும் கொடுத்தால், வேறு பதிப்பு வைத்திருப்பவரும் அந்த இடத்தைத் தேடிப்பிடிக்கலாம்.