ஆப் 96 என்கிறது, பிளேயர் 48 என்கிறது: எதை நம்புவது?

கேள்வி: பாட்டு கேட்க மட்டும் என்று ஆண்ட்ராய்டில் ஓடும் கையடக்க மியூசிக் பிளேயர் ஒன்று வாங்கினேன். ஆப்பிள் மியூசிக் சந்தா கட்டுகிறேன். ஆப்பில் 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் என்று போட்டிருக்கும் பாட்டுக்கும் பிளேயரின் மேல்பட்டையில் 48 என்றுதான் வருகிறது. மெமரி கார்டில் இருக்கும் பாட்டைப் போட்டால் சரியான எண் வருகிறது. கடைக்காரர், "வேறு ஃபர்ம்வேர் (பிளேயரை இயக்கும் உள் மென்பொருள்) ஏற்றித் தருகிறேன், 3,500 ரூபாய் ஆகும்" என்கிறார். ஏற்றலாமா?
(கோவை வாசகர் ஒருவர்)

பதில்: ஏற்றாதீர்கள். உங்கள் பிளேயரில் கோளாறு எதுவும் இல்லை. கார்டில் இருக்கும் பாட்டுக்கு எண் சரியாக வருகிறதே, அதுவே சாட்சி. கம்பெனி கொடுத்த மியூசிக் ஆப், எண்களை ஒலியாக மாற்றும் சிப்புக்கு (டேக் என்பார்கள்) நேராகப் பாட்டை அனுப்புகிறது. ஆப்பிள் மியூசிக் போன்ற வெளி ஆப்கள் ஆண்ட்ராய்டின் பொது வழியாகப் போகின்றன. 96 என்பது 48 ஆவது அந்த வழியில்தான்.

ஆண்ட்ராய்டு ஃபோனுக்காக எழுதப்பட்டது. பாட்டு ஓடும்போதே மெசேஜ் மணி அடிக்க வேண்டும், மேப் "இடப்பக்கம் திரும்பவும்" என்று சொல்ல வேண்டும். எல்லா ஒலியையும் ஒன்றாகக் கலக்க அதற்குள் ஒரு மிக்சர் உண்டு. மண்டியில் எந்த ஊர் மூட்டை வந்தாலும் அவிழ்த்து ஒரே அளவு சாக்கில் கட்டுவது போல, எந்த ஆப்பிலிருந்து எந்த வேகத்தில் (நொடிக்கு எத்தனை ஆயிரம் ஒலி அளவுகள் என்பதுதான் இங்கே வேகம்) வந்தாலும் அது ஒரே வேகத்துக்கு மாற்றிவிடும். பெரும்பாலான கருவிகளில் அந்த வேகம் 48 கிலோஹெர்ட்ஸ். இதைத்தான் ரீசாம்பிளிங் என்கிறார்கள். ஆப்பில் தெரியும் 96 என்பது பாட்டின் மேல் ஒட்டிய லேபிள்; அந்தக் கோப்பு எப்படிப்பட்டது என்று மட்டும் சொல்லும். டேக் வரை என்ன போய்ச் சேர்ந்தது என்பதைப் பிளேயரின் மேல்பட்டை சொல்கிறது. இரண்டில் அதை நம்புங்கள்.

இதனால் காதுக்கு என்ன நஷ்டம்? நீங்கள் பயப்படும் அளவுக்கு இல்லை. எந்த வேகமானாலும் அதில் பாதி எண் வரையான ஒலிதான் அதற்குள் அடங்கும். அதனால் 96-ஐ 48 ஆக்கும்போது போவது 24 கிலோஹெர்ட்ஸுக்கு மேலான ஒலி. மனிதக் காது கேட்பதோ 20 வரை. நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு அதுவும் வெகுவாகக் குறைந்திருக்கும். சிடி தரமான 44.1-ஐ 48 ஆக்குவதில் புதிய எண்களைக் கணக்கிட வேண்டியிருப்பதால் அது கொஞ்சம் சிக்கலான வேலை. பழைய ஆண்ட்ராய்டுகள் அதை மோசமாகச் செய்தன, இப்போது வருபவை ஒழுங்காகவே செய்கின்றன. எண்பதுகளின் தமிழ்ப் பாடல்களை அதிகம் கேட்பவர் என்றால், உங்களுக்குக் கிடைப்பது மூல டேப்பிலிருந்து எடுத்ததா, தேய்ந்த எல்பியிலிருந்து எடுத்ததா என்பது இதைவிடப் பல மடங்கு பெரிய வித்தியாசம்.

காசு கொடுத்தவருக்குக் கோபம் வருவது நியாயம்தான், எனக்கும் வருகிறது. ஆண்ட்ராய்டு ஃபோன் சந்தைக்கு வந்தது 2008-இல். பாட்டைத் தொடாமல் அப்படியே வெளியே அனுப்ப முறையான ஒரு வழியை கூகுள் திறந்தது 2023-இல், ஆண்ட்ராய்டு 14-இல். பதினைந்து வருடம்! அதுவும் யுஎஸ்பியில் செருகும் டேக்குக்கு மட்டும். கருவி செய்தவர் ஆதரவு கொடுத்திருக்க வேண்டும், ஆப் எழுதியவரும் அந்த வசதியைக் கேட்டு வாங்க வேண்டும். மூவரில் ஒருவர் சும்மா இருந்தாலும் பழையபடி 48தான். மாதாமாதம் சந்தாவை வாங்கிக்கொண்டு திரையில் "லாஸ்லெஸ்" (இழப்பே இல்லை) என்று எழுதிக் காட்டுகிறவர்கள், கடைசி ஒரு முழம் வழியைப் பற்றி மட்டும் வாயே திறப்பதில்லை.

சரி, நீங்கள் செய்யக்கூடியது என்ன? பிளேயரின் ஆடியோ செட்டிங்கில் "எஸ்ஆர்சி பைபாஸ்" (ரீசாம்பிளிங்கைத் தவிர்க்கும் வசதி) போன்ற ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். கம்பெனியின் சொந்தத் தளத்தில் புதிய ஃபர்ம்வேர் வந்திருந்தால் அதை ஏற்றுங்கள். ஃபியோ, ஹைபை போன்ற கம்பெனிகள் தங்கள் சில மாடல்களில் ஆண்ட்ராய்டின் மிக்சரையே மாற்றியமைத்து, எல்லா ஆப்புக்கும் நேர்வழி கொடுத்திருக்கின்றன. உங்கள் மாடலின் அதிகாரப்பூர்வப் பக்கத்தில் அந்த வசதி சொல்லப்படவில்லை என்றால், ஒரு கடைக்காரர் அதைக் கொண்டுவந்துவிடுவார் என்று நம்பாதீர்கள்.

அவர் ஏற்றப்போகும் ஃபர்ம்வேர் யார் எழுதியது என்று அவருக்கே தெரியாது. பூட்லோடரை, அதாவது வேறு மென்பொருள் நுழையாமல் காக்கும் பூட்டை, திறந்துதான் ஏற்றுவார்கள். திறந்தால் வாரண்டி கேட்க முடியாது, சில ஆப்கள் வேலை செய்ய மறுக்கும், பாதியில் நின்றால் பிளேயர் செங்கல்தான். இப்படிப்பட்டவர்கள் வெளிநாட்டுச் சந்தாக் கணக்கில் இடமும் விற்கிறார்கள், அந்தக் கதை இது. யுஎஸ்பி ஆடியோ பிளேயர் ப்ரோ என்ற ஆப், யுஎஸ்பி டேக்குக்குத் தன் சொந்த வழியில் பாட்டை அனுப்பும். நல்ல ஆப், நேர்மையான ஆப். ஆனால் அதற்குள் டைடல், கோபஸ் போன்ற பாட்டுச் சந்தா சேவைகளைத்தான் திறக்கலாம். ஆப்பிள் மியூசிக்கைத் திறக்க முடியாது. அந்த இரண்டு சேவைகளும் இந்தியாவில் முறையாகக் கிடைப்பதில்லை. உடனே டெலிகிராமில் ஒருவர் வருவார்: "வெளிநாட்டு ஃபேமிலி அக்கவுண்டில் ஒரு இடம் தருகிறேன், வருடத்துக்கு இவ்வளவுதான்." யாரோ ஒருவரின் கணக்கு அது. என்றைக்காவது அறுந்துபோனால் கேட்க ஆள் இருக்காது. தயவுசெய்து அந்தப் பக்கமே போகாதீர்கள்.

பெட்டியில் தங்க நிற ஹை-ரெஸ் ஸ்டிக்கர் இருந்ததே என்பீர்கள். அது ஜப்பான் ஆடியோ சொசைட்டி உரிமம் தரும் முத்திரை. கருவிக்கு 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸைக் கையாளும் திறன் உண்டு என்பதோடு அதன் பொறுப்பு முடிந்தது. எம்க்யூஏ (பாட்டைச் சுருக்கி அனுப்பும் ஒரு முறை) இருக்கிறது என்று சொல்லி விலையை ஏற்றுகிறவர்களிடமும் கவனம். அதை முன்னிறுத்திய டைடலே 2024-இல் அதைக் கைவிட்டு ஃபிளாக் என்ற இழப்பில்லாத கோப்பு வகைக்கு மாறிவிட்டது.

ஒரு விதிவிலக்கை மட்டும் விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பாதிப் பேர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். நீங்கள் புளூடூத் ஹெட்ஃபோனில் கேட்கிறீர்கள் என்றால் இதுவரை சொன்ன எதுவுமே உங்களுக்குப் பொருந்தாது. புளூடூத் வழியில் பிளேயரின் டேக்குக்கு வேலையே இல்லை; ஒலியாக மாற்றுவது ஹெட்ஃபோனுக்குள் இருக்கும் சிப். அங்கே போகும் முன் பாட்டை மறுபடி சுருக்குகிறார்கள். சோனியின் எல்டேக் என்ற புளூடூத் சுருக்கும் முறையில் உச்ச வேகம் நொடிக்கு 990 கிலோபிட். சாதாரண சிடிக்கே 1,411 வேண்டும், உங்கள் 24 பிட் 96-க்கு 4,608. அதை இதற்குள் அடைத்தால் ஏதாவது ஒன்று போயே தீரும். பில்ட் நம்பரை ஏழு முறை தட்டி, டெவலப்பர் ஆப்ஷன்ஸ் போய், சாம்பிள் ரேட்டை 96 ஆக்கச் சொல்லும் வீடியோக்கள் ஏராளம். அந்த செட்டிங் புளூடூத்துக்கு மட்டும் உரியது. ஒயரில் கேட்பவருக்கு அதனால் எந்த மாற்றமும் இல்லை. புளூடூத்தில் கேட்பவருக்கோ, 96 என்று வைத்தாலும் பாட்டு சுருக்கப்பட்டே போகும். எண் பெரிதாகும், அவ்வளவே. புளூடூத்தில்தான் கேட்கப்போகிறீர்கள் என்றால் தனிப் பிளேயரே தேவையில்லை, கையில் இருக்கும் ஃபோன் போதும்.

இனி யாராவது உங்களிடம் யோசனை கேட்டால், கடையில் "இது ஹை-ரெஸ்ஸா?" என்று கேட்க வேண்டாம் என்று சொல்லுங்கள். தன் ஆப்பைக் கடையிலேயே போட்டு, ஒரு 44.1 பாட்டை ஓடவிட்டு, மேல்பட்டையில் 44.1 வருகிறதா என்று பார்க்க வேண்டும். யுஎஸ்பி டாங்கிள் (யுஎஸ்பியில் செருகும் சின்ன டேக்) என்றால் நிற விளக்கைப் பாருங்கள். டிராகன்ஃப்ளை என்ற டாங்கிளில் பச்சை என்றால் 44.1, நீலம் என்றால் 48. சில டாங்கிள்களில் இரண்டுக்கும் ஒரே நிறம்தான், அதைக் காட்டி நிரூபித்துவிட்டதாகச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

உங்கள் பிளேயரைத் திருப்பிக் கொடுக்க இன்னும் நாள் இருந்தால் கொடுத்துவிட்டு, நேர்வழி உள்ள மாடலாகப் பார்த்து வாங்குங்கள். நாள் கடந்திருந்தால் ஈக்வலைசரையும் ஆப்பில் உள்ள சவுண்ட் செக்கையும் (எல்லாப் பாட்டின் சத்தத்தையும் சமமாக்கும் வசதி) அணைத்துவிட்டு நிம்மதியாகக் கேளுங்கள். அந்த 3,500 ரூபாயில் சில நூறு ரூபாய்க்கு, காதை நன்றாக அடைக்கும் சரியான அளவு இயர்டிப் வாங்கிப் போடுங்கள். இடைவெளி விட்ட டிப்பால் இழக்கும் பேஸ் (கனமான தாழ்ந்த ஒலி), 48-இல் நீங்கள் இழப்பதைவிட மிக அதிகம்.